கூரையில் இருந்தவன்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நான் ஜெபவீட்டுக் கூரையில் உட்கார்ந்து தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கூரை ஒழுகினால் ஜனங்களுக்கு ஜெபம் ஓடாது, ஐயா. தலையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்போதுதான் மலையின் விலாவில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. எரிமலையடியில், கோமா நகரத்தில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கீழே கம்பாலே தன் மூட்டை ஏற்றும் மரவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூப்பரே, இன்னும் ஆணியா? மலையும் ஒழுகுது, அதையும் அடைச்சிட்டுதான் இறங்குவீங்களோ?"

எனக்கு அந்த எச்சரிப்பு நினைவுக்கு வந்தது. அழிவு வரும்போது வீட்டின் மேல் இருப்பவன் உள்ளே இருக்கும் எதையும் எடுக்கப் போகக் கூடாது. பலமுறை பிரசங்கித்த வசனம். கூரைமேலேயே இருந்து அதற்குக் கீழ்ப்படியும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வெளிப்பக்க ஏணியில் இறங்கினேன்.

ஒலிபெருக்கியை மட்டும் வண்டியில் ஏற்றினேன். அது மரத்தடியில் இருந்தது, வீட்டுக்குள் அல்ல. வேதத்தை அப்படிக் கவனமாகத்தான் வாசிக்க வேண்டும்.

"பெட்டி ஏறிடுச்சு, சரி. உள்ள பலுக்கு இருக்கானே?"

பலுக்கு, கவீராவின் மகன். புத்தி கலங்கியவர்களை எங்கள் ஜெபவீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். குணமாகும்வரை உபவாசம், தூணில் சங்கிலி. கட்டிய மூப்பர்தான் அவிழ்க்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை அது. பலுக்குவின் நோய் இதுதான்: சந்தையில் நின்றுகொண்டு, மலை வருகிறது, சட்டியைக்கூட எடுக்காமல் ஓடுங்கள் என்று தினமும் கத்துவான். எழுதப் படிக்கத் தெரியாதவன். என் ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வழியிலேயே அவனைக் கேட்க நின்றுவிட்டார்கள். அவனுக்குள் பேசுவது பொய் ஆவி என்று அவன் தாய் கவீராவிடம் சொல்லி, நானே கட்டினேன்.

"உள்ள இருக்கறத எடுக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"அவன் என்ன மூப்பரே, பாயா, பானையா? சாவியக் குடுங்க. நீங்க வேதத்தப் பாருங்க, நான் பயலப் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பாலேயிடம் பேசி ஜெயிக்க முடியாது. அதனால், மத்தியானமே அவிழ்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. உள்ளேயிருந்து சத்தம் வருவதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டேன்.

நீங்களே யோசியுங்கள், ஐயா. மலை வெடித்த அன்று அவன் வெளியே நடந்து வந்தால், அதற்குப் பிறகு ஜனங்கள் யாரிடம் போவார்கள்? மந்தை சிதறிவிடும். அவர்களுக்காகத்தான் செய்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கதவு பத்தடி தூரம்கூட இல்லை.

வழிநெடுகப் பாடிக்கொண்டே போனோம். நல்ல நடை, நல்ல காற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

மறுநாள், நாங்கள் போய்ச் சேர்ந்த சாக்கே ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் தங்கியிருந்த இடத்துக்குக் கவீரா வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய சூடான களி. வேறு யாராவது கேட்டிருந்தால் வசனத்தை விளக்கியிருப்பேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அவுத்து விட்டுட்டீங்களாமே, கம்பாலே சொன்னான். நீங்க நல்லா இருக்கணும். அவன் எந்தப் பக்கமா ஓடினான், மூப்பரே?"