ஆல்ப்ஸில் கை காட்டியவர்

சான்டா கிளாரா மளிகைக்கடையில் பில் போட நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு இளம் கணவன் மனைவி. கறிவேப்பிலையை முகர்ந்தபடியே அவள் கேட்டாள்.

“இன்னிக்கு ஆல்ப்ஸ்ல யாரு டிரைவ் பண்றது?”

“நீ பண்ணு. நேத்து ஸ்கீ ஊரைத் தாண்டிட்டேன். சீசன் முடிஞ்சு மலை மேல ஏத்தற லிஃப்ட் எல்லாம் காலியா தொங்குது. நீ சோஃபாலயே தூங்கிட்ட.”

“டிவியை ஆஃப் பண்ணும்போது மேப்ல விட்ட இடத்தை சேவ் பண்ணியா?”

“பண்ணேன். இந்த நாட்டை விட்டு வெளிய போனா திரும்பி வர விசா ஸ்டாம்ப் கெடைக்காதோன்னு பயம். இல்லன்னா நிஜமாவே போயிருக்கலாம்.”

“ஒருநாள் போவோம். ரோட்டோரம் நமக்குக் கை காட்டினாரே, அவரைப் பார்க்கணும்.”

“மேப்புக்காக ரோட்டைப் போட்டோ எடுத்தவங்க அவர் முகத்தை மங்கலாக்கிட்டாங்களே. எப்படிக் கண்டுபிடிப்ப?”

“நான் கை காட்டறேன். அவர் கண்டுபிடிக்கட்டும்.”