கண்ணாடிக்குப் பின்னால் அட்டை

கண்ணாடி மாட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. சுவர் நேராக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. எனக்கு இரண்டும் வாய்த்தன.

ஆளுயரக் கண்ணாடி கேட்டவள் என் மனைவி. மரச்சட்டம் போட்டதைத்தான் கடையில் காட்டினாள். நான் சட்டமே இல்லாததை வாங்கினேன். "மொட்டையா இருக்கேங்க" என்றாள். "இதுதாம்மா இப்ப நாகரிகம்" என்றேன். சட்டம் போட்டால் கண்ணாடி விறைத்து நிற்கும். சட்டமில்லாத மெல்லிய கண்ணாடி சொன்னபேச்சு கேட்கும். நடுவில் பசை தடவிச் சுவரோடு அழுத்தினேன். இரண்டு ஓரத்துக்கும் பின்னால் அட்டையை மடித்துச் செருகினேன். கண்ணுக்குத் தெரியாத குழிவுதான், ஆனால் எதிரே நிற்பவர் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவார். நானே நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அவள் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். கலகலவென்று பேசுவாள், வருகிறவர்கள் அவளைத்தான் தேடுவார்கள். முதலாளி வேறு ஊரில் கிளை திறந்து அவளையே மேனேஜராகப் போட்டார். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "நீங்களும் வந்துடுங்க. தராசு இல்லாத ஊர் எங்க இருக்கு?" என்றாள். தராசு பழுதுபார்ப்பது என் தொழில். அங்கே போனால் நான் யார்? மேனேஜரம்மா புருஷன். சண்டை போட்டிருக்கலாம், எனக்குச் சண்டை ஆகாது.

முதல் வாரம் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டாள். "இந்த லட்சணத்துல எப்படிங்க புதுக் கடையில நிக்கிறது? கொஞ்சம் எளைச்சுட்டுப் போறேன்" என்று பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அப்புறம் பழைய கடைக்கும் போகவில்லை. நான் வேலை முடிந்து வந்தால் வீட்டில் இருப்பாள், இருவரும் சீட்டு விளையாடுவோம். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே இனிமையான மாதங்கள் அவைதான்.

அவள் மக்கு இல்லை. ரவிக்கை தொளதொளத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "துவைச்சு துவைச்சுத் தொய்ஞ்சு போச்சும்மா" என்றேன், துணிக்கடைக்காரியிடமே. நம்பாமல், "ஒரு எடை மிஷின் கொண்டாங்க" என்றாள். கரும்பு தின்னக் கூலியா? கொண்டுவந்தேன், உள்ளே திருகாணியை லேசாகத் திருப்பிவிட்டு. அதில் ஏறி நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சன் இல்லை, ஐயா. அவள் இளைக்க இளைக்க, நானும் திருகாணியைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

மாடிப்படியில் மயங்கி விழுந்தபோது தூக்கியதும் நான்தான். கொடியிலிருந்து எடுத்த துணி அளவுகூடக் கனமில்லை. "கனக்கறேனா?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றேன்.

இதயம் பலவீனமாகிவிட்டது என்கிறார் டாக்டர். அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்த மச்சான், அவள் தம்பி, அந்தக் கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறான். ஒல்லிப்பிச்சான் அவன், தொப்பை தெரிந்ததாம். ஓரத்தில் விரலை விட்டு அட்டையை உருவிவிட்டான். அதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

ஆக, செய்தது நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் என்னை உள்ளே விடவில்லை. கட்டிலைச் சுற்றிக் கடைப்பெண்கள். ஒருத்தி தலை வாரிவிடுகிறாள், ஒருத்தி பால் புகட்டுகிறாள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மச்சான் கதவை மறித்து நிற்கிறான். அத்தனை பேருக்கு நடுவில் அவள் முகமே எனக்குத் தெரியவில்லை. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?