யார் வீட்டுப் பேய்

— விளையாட்டு இல்லை ஆச்சி. எதிர்வீட்டுக் குமரப்பன் வீட்டை ஓட்டலாக்கினான், நான் வாயைத் திறக்கலை. இப்ப வாசல்ல போர்டு வச்சிருக்கான், 'பேய் உலவிய வீடு'ன்னு. அது எங்க வீட்டுப் பேய்!

— போகட்டும் விடு, சத்தியமூர்த்தி. ஒரு பேய்தானே, வச்சுக்கிறட்டும்.

— அதெப்படி வச்சுக்குவான்? எங்க கொல்லைவாசல்ல நின்ன பேய். அவுக வீட்டுல நிக்கிறதுக்கு என்ன இருக்கு? மொத்தமே மூணு தூணு!

— அதுக்குக் கதை வேற சொல்லுறானாமே?

— வர்ற வெள்ளைக்காரங்களுக்கு விளக்கம் சொல்லுறான். பிள்ளைக கிணத்துப் பக்கம் போகாம இருக்கப் பெரியவுக கட்டிவிட்டதாம். பேயுன்னாலே பிள்ளைகளைக் காப்பாத்தச் சொன்னதுதானாம். கிணத்துக்குக் காவல் நிக்க எங்க பேய் என்ன வாட்ச்மேனா?

— சிரிக்க வைக்காத தம்பி. பல்செட்டு கழண்டுரும்.

— நாளைக்குப் பெரியவுகளைக் கூட்டியிருக்கேன். நீங்க வந்து சாட்சி சொல்லணும். உங்களை விட மூத்தவுக இப்ப ஊர்ல இல்லை.

— நான் உன்கூடப் பொறந்த மூத்தவ. நீ சுவீகாரம் போன வீட்டுப் பேய்க்கு நான் சாட்சியா?

— நடந்ததைத்தானே சொல்லப்போறீக. அஞ்சு வயசுல அந்தப் பெரிய வீட்டுக்குப் பிள்ளையாப் போனேன். போன அன்னைக்கே வளர்த்த ஆத்தா சொல்லிட்டாக: 'பொழுது சாயயில கொல்லைவாசல்ல ஒருத்தி நிப்பா. கூப்பிட்டா நிக்காத, ரத்தம் கக்குவ.' குமரப்பன் வீட்டுல எவனுக்காச்சும் இப்படிச் சொன்னாகளா?

— சொல்லியிருக்க மாட்டாக. நீ பார்த்தியா?

— இந்த ரெண்டு கண்ணால! முக்காடு, கையில தூக்குச்சட்டி. 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டுச்சு.

— பேயா கேட்டுச்சு?

— பெரிய வீட்டுப் பேய் ஆச்சி. உபசரிக்கத் தெரியாதா? நான் முன்வாசல் வரைக்கும் ஓடினேன்.

— ஒரு தடவைதானா?

— வெள்ளிக்கிழமை தவறாது. ஒழுங்கு தெரிஞ்ச பேய். எனக்குப் பத்து வயசு இருக்கும், அதுக்கப்புறம் வரலை.

— நம்மளைப் பெத்த ஆத்தா தவறுனதும் அந்த வருசம்தான்.

— அது கிடக்கட்டும், பேச்சை மாத்தாதீக. நாளைக்கு அது யார் வீட்டுப் பேய்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— வேணாம்பா. நீ தாங்க மாட்ட.

— குடும்ப மானம் ஆச்சி! சொல்லுங்க, யார் வீடு?

— நம்ம வீடுடா. பிள்ளையைக் குடுத்தவ இனி வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு உன் பெரிய வீட்டுல சொல்லிட்டாக. ஆத்தா கொல்லைவாசல்ல நின்னு பார்த்துட்டு வந்து எங்ககிட்டச் சொல்லுவாக: 'பிள்ளை என்னா ஓட்டம் ஓடுறான்! நல்லாத்தான் சோறு போடுறாக.'