உப்புக்குள்ள ஒரு ஃபைல்

ஜெனிதா: சாட்சி எழுந்து நிக்கணும்!

கஸ்பார்: ஏ ஜெனி... சோத்தைத் தின்ன வுடுடி.

ஜெனிதா: சட்டமன்றக் குழுத் தலைவரை ‘டி’ போடறதா? அதுக்கே தனி கேஸ்! நாளைக்கு சென்னைல நெஜத் தலைவர் கேக்கப் போறாரு. இன்னிக்கு நான் கேக்கறேன். பேரு?

கஸ்பார்: உன் புருஷன் பேரு தெரியாதா?

ஜெனிதா: சாட்சி சிரிக்கக் கூடாது!

கஸ்பார்: கஸ்பார். மரக்காணம் உப்பளத்துல சூப்பர்வைசர்.

ஜெனிதா: உப்பளத்துப் பொம்பளைங்களுக்கு கக்கூஸ் கட்டியாச்சுன்னு சட்டசபையில சொல்லியிருக்காங்க. எங்க அது?

கஸ்பார்: ...தேடிட்டிருக்கேங்க ஐயா.

ஜெனிதா: அம்மா!

கஸ்பார்: தேடிட்டிருக்கேங்கம்மா.

ஜெனிதா: நாங்க இன்னும் வேலிகாத்தான் முள்ளுப் புதர் மறைவுலதான் ஒதுங்கறோம். கட்டியாச்சுன்னு கையெழுத்து போட்டது யாரு?

கஸ்பார்: நான்தான்... காண்ட்ராக்டர் கலியபெருமாள் அடுத்த வாரம் கட்டிடறேன்னாரு. நம்பிட்டேன்.

ஜெனிதா: அந்தக் கையெழுத்து இருக்கற ஃபைலோட வரணும்னு சம்மன்ல இருக்குதே. எங்க?

கஸ்பார்: அது... எலி தின்னுடுச்சு.

ஜெனிதா: அப்படிச் சொன்னா எலிக்கும் சம்மன் அனுப்புவாங்க! கெட்டிக்கார எலிதான். ஃபைலைத் துணியில சுத்தி, மூணாவது உப்புக் குவியல்ல பொதைச்சு, மேல கீத்து வேற போட்டு மூடியிருக்குது.

கஸ்பார்: ...நீ எப்படி...

ஜெனிதா: நானும் என்கூட உப்பு தூக்கற பொன்னியும் நீங்க பொதைச்ச அன்னிக்கே தோண்டிட்டோம். என் டிரங்குப் பெட்டியில இருக்குது. கருவாடு மாதிரி மொறமொறன்னு!

கஸ்பார்: அடிப்பாவி!

ஜெனிதா: இன்னொண்ணு... கோவப்படக் கூடாது. குழுவுக்கு மனு போட்டதே நாங்கதான்.

கஸ்பார்: தெரியும்.

ஜெனிதா: தெரியுமா!

கஸ்பார்: சம்மனோட மனு காப்பியும் வந்துதே. முதல் கையெழுத்தே உன்னுதுதான்.

ஜெனிதா: ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க... ஏங்க, அந்த ஃபைலை நாளைக்குக் குடுத்தா உங்க வேலை போயிடும்ங்க.

கஸ்பார்: போவட்டும். உங்ககூட நானும் உப்பு தூக்கறேன். அப்போ எனக்கும் ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லி மனு போடு.

ஜெனிதா: சிரிப்புக் காட்டாதீங்க! இவ்ளோ தைரியம் இருக்கறவரு ஃபைலை எதுக்குங்க ஒளிச்சீங்க?

கஸ்பார்: கொளுத்தறதுக்குன்னு கலியபெருமாள் ரெண்டு வாட்டி வந்து கேட்டாரு. எலிக்கதை அவருக்குச் சொன்னதுடி. இருவது வருஷமா உப்பளத்துல கெடக்கறேன்... கெட்டுப்போவணும்னு நெனச்சா உப்புலயா வெப்பேன்?