விலைபோகாத பொருள்களின் அலமாரி

– எல்லா அறையையும் காட்டினீங்க. அந்தப் பச்சை அலமாரியை மட்டும் முதுகால மறைச்சுக்கிட்டே நிக்கிறீங்களே, அம்மா?

– மறைக்கல்லாம் இல்லீங்க ஐயா. அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு சொன்னீங்களே, அதான்…

– துறைத்தலைவரம்மா! உங்க மார்க்கெட்டிங் பட்டப்படிப்பு இருக்கணுமா, இழுத்து மூடணுமான்னு மதிப்பிடத்தான் பல்கலைக்கழகம் என்னை அனுப்பியிருக்கு. என் நேரத்தைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை? சாவியை எடுங்க.

– இந்தாங்க. தூசியா இருக்கும்.

– என்னது இது, பழைய சாமான் கடையா? ஓட்டைக் குடை, சோப்பு, மூணுகால் நாற்காலி…

– விலைபோகாத பொருளுங்க ஐயா. மூணாம் வருஷத்துல ஆளுக்கு ஒண்ணு கடையில தேடி எடுத்துட்டு வரணும். அது ஏன் தோத்துச்சுன்னு நாற்பது பேர்கிட்ட கேட்டு, ஒரே வாக்கியமா அட்டையில எழுதி ஒட்டணும். அதுதான் கடைசிப் பரீட்சை.

– ஒரே வாக்கியமா? நாற்பது பக்கம் கொடுத்தாலே ஒற்றுப்பிழையா எழுதித் தள்ளுற காலம். ஒரு வாக்கியத்துல என்னத்தைக் கிழிச்சிடுவாங்க?

– படிச்சுத்தான் பாருங்களேன்.

– "ஒரு கையில் பையோடு மழையில் நிற்பவரால் இந்தக் குடையை விரிக்க முடியாது." ம்… எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. "குழந்தைக்குப் பிடித்த மணம், குளிப்பாட்டும் அம்மாவுக்குத் தலைவலி." அட! இது யாரு?

– இப்போ அந்தச் சோப்புக் கம்பெனியிலயே வேலை பார்க்குறா. மணத்தை மாத்தச் சொல்லி அவளையே கூப்பிட்டுக்கிட்டாங்க.

– நீங்க கொடுத்த கோப்புல இதைப் பத்தி ஒரு வரி இல்லையே!

– உங்க படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே, ஐயா.

– கீழ்த்தட்டுல என்ன, புத்தகமா? இருங்க… அடக் கொடுமையே, இது என் புத்தகம்!

– அதனாலதான் முதுகால…

– பதினோரு வருஷம் உழைச்சு எழுதின பாடநூல்! அதை ஓட்டைக் குடையோட சேர்த்து வெச்சிருக்கீங்க! அட்டையில என்ன? "இதை எழுதியவர், எழுதும்முன் ஒரு கடைக்குள்ளும் நுழைந்து பார்க்கவில்லை." எவன் எழுதினது?

– பழைய மாணவருங்க. விட்டுடுங்களேன்.

– பேரு வேணும்.

– நான்தான், ஐயா. முதல் செட்டு. இருபது வருஷம் ஆச்சு.

– நான் வரப் போறேன்னு தெரியுமே. எடுத்து ஒளிச்சிருக்கலாமே?

– காலையில கையில எடுத்தேன். எடுத்துட்டா நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி எந்த முகத்தோட நிக்கிறது? திரும்ப வெச்சுட்டேன்.

– நாற்பது பேர்கிட்ட கேட்டீங்களா?

– நாற்பத்திமூணு. அதுல எட்டுப் பேர் உங்க மாணவருங்க.

– என்ன சொன்னானுங்க?

– நடை அருமைன்னாங்க. நாலாம் அத்தியாயத்தைத் தாண்டலைன்னாங்க.

– ஹா! நாலாம் அத்தியாயத்தை நானே திரும்பப் படிச்சதில்லை. என் பையில ஒரு உறை இருக்கு, பிரிங்க.

– "இப்பட்டப்படிப்பை நிறுத்திவிடப் பரிந்துரைக்கிறேன்"… ஐயா, தேதி போன வாரத்துதா இருக்கே?

– அதேதான். நாலு வெள்ளைத்தாளும் ஒரு வெறும் அட்டையும் கொண்டாங்க.

– தாள் எதுக்குங்க?

– புது அறிக்கைக்கு. இந்தப் படிப்பு தொடரணும், இன்னும் இருபது இடம் கூட்டித் தரணும்னு அடிச்சு எழுதப் போறேன். எவன் மறுக்கிறான்னு பார்க்கலாம்!

– ஐயா… அப்போ அட்டை?

– பழைய அறிக்கை விலைபோகலையே, அம்மா. என் புத்தகத்துக்குப் பக்கத்துலயே வெச்சு, உங்க கையால எழுதி ஒட்டுங்க: "இதை எழுதியவர், எழுதும்முன் இந்த அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை."