வாய் முந்தின சிப்பு

இல்லண்ணி, காபி வேணாம். நீங்க உக்காருங்க, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். நாளைக்குத் தீர்ப்புன்னு தெரியும். அண்ணன் பதினாலு மாசமா ஜெயிலுக்குள்ள இருக்காரு, அதுவும் தெரியும்.

இதோ பாருங்க, அண்ணன் ஓட்டின ஃபோர்க்லிஃப்ட்டுல இருந்ததும் இதே ரகப் போர்டுதான். இந்தப் பொடி சிப்பு இருக்குல்ல, ஓட்டுறவர் பெடலை மிதிச்சாரா, விட்டாரான்னு ஒயர் வழியா மோட்டாருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இதுக்குக் கரண்ட் ரெண்டு காலு வழியா வருது, பின்னுன்னு சொல்வோம். ஒண்ணு மூளைக்கு, ஒண்ணு வாய்க்குன்னு வச்சுக்கங்க. மூளைக்கு முதல்ல வரணும். வாய்க்கு முந்திடுச்சுன்னா, எங்க முதலாளி மாதிரிதான், யோசிக்காம கத்தும். கத்துறப்ப லைன் அடைச்சுக்கும், எந்தச் சேதியும் போகாது. மோட்டார் கடைசியாக் கேட்டதையே பிடிச்சுக்கிட்டு மூணு செகண்டு ஓடும்.

ஆமாண்ணி. அந்த மூணு செகண்டுலதான் லோடுமேன் செவுத்தோட செவுரா நசுங்கினாரு.

அண்ணன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, காலை எடுத்துட்டேன், வண்டி நிக்கலைன்னு. யாரு கேட்டா? போர்டுல பழுதில்லைன்னு ரிப்போர்ட் போயிடுச்சே.

டெஸ்ட் பண்ணாமலா? பண்ணாங்க. அங்கதான் வினையே. அண்ணன் வண்டி ஓட்டினது குளிர் கிடங்கு. அந்தக் குளிர்ல பேட்டரி ஒரு நொடி துவண்டு, போர்டு அணைஞ்சு எரியறப்ப மட்டுந்தான் இந்தக் கோளாறு. மூளைக்கு வர்ற கரண்ட் அப்பத்தான் சுணங்கும். ஆனா கிடங்குலேருந்து எடுத்தா போர்டு வேர்த்து நனைஞ்சிருக்கும், ஈரத்தோட கரண்ட் குடுத்தா புகைஞ்சிடும். அதனால எங்க ரிப்பேர் கடையில ஒருநாள் மேசையில காயவச்சுட்டுத்தான் தொடுவோம். காயறதுக்குள்ள குளிர் போயிடும். அப்புறம் நூறு தடவை போட்டாலும் சமத்தா வேலை செய்யும்.

எனக்கு மனசு கேக்கல. இதே ரகப் போர்டு ஒண்ணைப் பையில சுத்தி ஃப்ரீசர்ல வச்சு, ஒயரை வெளிய விட்டு, அணைச்சு அணைச்சுப் போட்டேன். பதினோரு தடவையில நாலு தடவை கத்துச்சு. வீடியோ இந்த போன்ல இருக்கு, வக்கீல்கிட்ட குடுங்க. நாளைக்குக் கூண்டுல ஏறி நானே சொல்றேன்.

கும்பிடாதீங்கண்ணி. வேணாம், கையை எடுங்க.

எப்பப் பாத்தேனா? அது வந்து... பழுதில்லைன்னு ரிப்போர்ட்டுல நான் கையெழுத்துப் போட்டேன்ல, அதுக்கு மறுவாரம். அண்ணன் உள்ள போயி இருபது நாள் இருக்கும்.