சிரிக்கிற இடம்

— கையக் காட்டு. கறை இன்னும் போகலியே.

— எலுமிச்சம்பழத்தப் போட்டுத் தேய்ச்சே தோலு வழண்டுபோச்சு. விடும்மா. நாளைக்கு மேடையில என் விரல யாரு பாக்கப் போறா?

— மைக்கப் புடிக்கயில பாப்பாங்க. பட்டம் வாங்கற புள்ள கையில தேயிலைக் கொழுந்துக் கறை என்னாத்துக்குன்னு கேப்பாங்க.

— கேக்கட்டும். பரீட்சை எழுதி ஒரு வருசம் கழிச்சுத்தான் பட்டம் குடுக்கறாங்க. அந்த ஒரு வருசமா நான் என்ன ஆபீஸ்லயா உக்காந்திருந்தேன்? அப்பா போனப்பறம் அவரு எடத்துல கூடை மாட்டிட்டு நிக்கறேன். அதையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன்.

— எத்தன பேரு பேசறீங்க?

— முந்நூறு பேரு பட்டம் வாங்கறோம். எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்திதான். ஜானகி மிஸ்ஸு சண்ட போட்டு என் பேரக் குடுத்திருக்காங்க. அஞ்சு நிமிசம்.

— அப்ப வாசி. எனக்கு வெளங்கற மாதிரி மெதுவா வாசி, கோகிலா. இந்தக் கைய நான் தேய்க்கறேன், மத்தக் கையில காயிதத்தப் புடிச்சுக்க.

— "மேடையில் வீற்றிருக்கும் தலைமை விருந்தினர் அவர்களே..."

— அது ஆரு?

— நம்ம எஸ்டேட்டு டைரக்டருதான்.

— பெரிய தொரையா? அவரு எங்க அங்க வந்தாரு?

— காலேஜுக்கு ஹால் கட்டிக் குடுத்திருக்காராம். தேயிலைக்கு வெல இல்லைன்னு நம்மளுக்குப் போன வருசம் நாலு மாசம் சம்பளத்த நிறுத்துன அதே மனுசன். நாளைக்கு அவரு கையாலதான் எனக்குப் பட்டம்.

— மெதுவா பேசு. இந்தக் காம்பராவுல தும்முனா அடுத்த காம்பராவுல கேக்கும்.

— பக்கத்துல மருதாம்பாக்காதானே. கேட்டா என்ன?

— நீ வாசி.

— "நான் ஒரு லயத்துப் பெண், தேயிலைத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். என் பெற்றோர் சிறு வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. என் தாய் தெய்வம்மா இதோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்."

— என்னைய ஏன் புள்ள இழுக்கற. எழும்பி நிக்கணுமா?

— நிக்கணும். எல்லாரும் கை தட்டுவாங்க.

— நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். மருதாம்பாளும் வாறேன்னிருக்கா. காலைல மொத பஸ்ஸப் புடிச்சு கட்டபெட்டுல மாறிக்குவோம்.

— சரி, அடுத்தது கேளு. சும்மா அழ வச்சிட்டே இருக்காத, நடுவுல ஒரு எடத்துல சிரிக்க வைன்னு மிஸ் சொன்னாங்க. நானே யோசிச்சு எழுதுனது.

— ம்.

— "கடைசிப் பரீட்சை அன்று எனக்கு ஒரே பயம். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. மாலையில் பையைத் தூக்கினால் கனக்கிறது. அன்று என் விடைத்தாளைவிட என் டப்பாதான் நிறைந்திருந்தது."

— அந்த டப்பாவையா சொல்ற?

— சிரிப்பு வரலியா? ஏம்மா, கைய ஏன் விட்டுட்ட?

— அத எடுத்துரு.

— அது ஒண்ணுதான் சிரிக்கிற எடம்.

— எடுத்துரு புள்ள. சோத்த வச்சு என்னா சிரிப்பு?

— சோத்த வீணாக்குனேன்னு கோவமா? அன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல லிங்கசாமி மாமா வந்து நின்னாரு. ஒங்கப்பா விழுந்துட்டாரு, வாம்மான்னாரு. அதுக்கப்பறம் எனக்கு டப்பா எங்க ஞாபகம் வரும்?

— கோவம் இல்ல. மீதிய வாசி.

— மீதிய நீ தாங்குவியா?

— வாசி.

— "அதே நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் தந்தை பழனியாண்டி, கையில் கத்தியோடு சரிந்து விழுந்தார். இரண்டு நாளாக அவர் வயிற்றில் வெறும் சாயத்தண்ணீர், பாலில்லாத தேநீர்தான். நெஞ்சுவலி என்று எழுதினார்கள். குடிப்பழக்கம் என்று பேசினார்கள். இரண்டும் இல்லை. தலைமை விருந்தினர் அவர்களே, என் தந்தை உங்கள் மலையில் பட்டினியால் செத்தார்."

— இது வாணாம், கோகிலா.

— தெரியும், நீ இப்பிடித்தான் சொல்லுவன்னு.

— மிஸ்ஸு பாத்தாங்களா இத?

— இந்தப் பக்கத்தக் காட்டல. காட்டுன காயிதம் வேற.

— காம்பராவக் காலி பண்ணச் சொல்லிருவாங்க.

— சொல்லட்டும். லயத்துல பாதி சனம் திருப்பூருக்குப் போயாச்சு. பனியன் கம்பெனியில நம்ம ரெண்டு பேருக்கு எடம் இல்லாமப் போயிருமா?

— நெஞ்சுவலின்னு ஆபீசுல கைநாட்டு வச்சது நானு. நாளைக்கு என்னையத்தான் கூப்புட்டுக் கேப்பாங்க.

— நீ பயத்துல வச்ச. ஒன்னையக் குத்தஞ்சொல்லல. ஆனா அப்பாவக் குடிகாரன்னு சொன்னப்ப நீ வாயத் தொறக்கல. அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. நாளைக்கு விட்டா நம்ம பேச்ச மைக்கு வச்சு யாரு கேப்பா? அந்த ஆளு எதிர்லயே உக்காந்திருப்பாரு. எந்திரிச்சுப் போகவும் முடியாது.

— தொரைக்குப் பயந்தா சொல்றேன்னு நெனக்கிறியா?

— பின்ன?

— தொரையப் பேசு. தாராளமாப் பேசு. சம்பளம் போடாததப் பேசு, லயத்துல கூரை ஒழுகறதப் பேசு. ஒங்கப்பா பட்டினிய மட்டும் பேசாத.

— அதுதானேம்மா நெசம். அன்னிக்குக் காம்பராவுல ஒரு பிடி அரிசி இல்லைன்னு நீதானே அழுத.

— அழுதேன்.

— அப்பறம் என்ன?

— ரெண்டு கதையும் ஒரே நாளு, புள்ள. நீ ரெண்டையும் ஒரே மேடையில வச்சுச் சொல்லப் போற. கேக்கறவங்க கூட்டிப் பாத்துருவாங்க.

— எதக் கூட்டி?

— விட்டுரு. கையக் குடு, சுடுதண்ணி ஆறிப்போகுது.

— கையி கெடக்கட்டும். எதக் கூட்டிப் பாப்பாங்க?

— அன்னிக்குக் காலைல நீ பெறப்பட்டப்ப ஒங்கப்பா என்னா சொன்னாரு?

— சாப்புட்டேன், நீ போன்னாரு. வாசல் வரைக்கும் வந்து அவருதான் டப்பாவ என் பையில வச்சாரு.

— நீ நம்பிட்ட.

— சாப்புட்டேன்னு சொன்னா நம்பாம? சாயத்தண்ணியத்தான் சொன்னாருன்னு அப்பறம் கூட வேல செஞ்ச லிங்கசாமி மாமா சொல்லித்தானே எனக்கே தெரியும். அந்தக் கோவத்துலதான் இத எழுதுனேன்.

— பொணத்தக் கெடத்தியிருக்கயில ஒன் பையில இருந்து அந்த டப்பாவ எடுத்துத் தொறந்தது நானு. ஒரு பருக்க கொறையல. ஒரு வருசமா இதப் பத்தி ஒங்கிட்ட வாயத் தொறக்கல. நாளைக்கு நீ அதச் சொல்லி முந்நூறு பேரச் சிரிக்க வைக்கப் போறன்னு கேக்கயில என்னால தாங்க முடியல.

— அம்மா, அந்தச் சோறு மருதாம்பாக்கா குடுத்ததுன்னு நீதானே சொன்ன.

— மருதாம்பா வீட்டுலயும் அன்னிக்கு அடுப்பு எரியல, கோகிலா. கடைசி அரிசிய வடிச்சு ஒங்கப்பா தட்டுலதான் போட்டேன். அவருதான் அதை அப்பிடியே அள்ளி ஒன் டப்பாவுல போட்டு மூடுனாரு.